பேங்குக்கு ஓர் அர்ச்சனை

ஆடி வெள்ளி, இரவு.

மகன் வேலை செய்யும் சுவீடன் பேங்க் நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. நோர்வே, பின்லாந்து, லண்டன் என்று அது கிளை விட்ட கதையை அகராதி பார்த்துப் படித்திருக்கிறேன். இன்னும் வளரட்டும் என்று வெள்ளிதோறும் எங்கள் ஊர் பசறை முருகனுக்கு அர்ச்சனை செய்து வந்தேன்.

“பேங்குக்கு என்ன நட்சத்திரங்க அக்கா?” என்று ஐயர் சிரித்தார். மகனுடைய ரோகிணியையே சொன்னேன்.

இன்று மகன் போனில் பேசினான். “அம்மா, அமெரிக்காவுல கிளை பெருசாகுது. என்னைய அங்க போடுறாங்க. தீபாவளிக்கு வர முடியாதும்மா.”

“சந்தோஷம் ராசா” என்றேன். தீபாவளிக்கு வருவான் என்று அவன் தலையணைக்குத் தைத்த உறையை மடித்து வைத்தேன்.

பேங்க் வளர வேண்டாம் என்று கேட்க மனம் வரவில்லை. அவன் சோறும் அதில்தானே இருக்கிறது. முருகா, இந்தப் பக்கமாகவும் கொஞ்சம் வளரட்டும்.