மேற்கே திறந்த மடை

அன்புள்ள பாபிகர் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கதாரிஃபிலிருந்து உங்கள் தங்கை ஸித்தானா எழுதுகிறேன். சண்டை உங்கள் ஊருக்குள் வந்த பிறகு உங்கள் போன் அடிக்கவே இல்லை. மேற்கே போகும் லாரிக்காரர் ஒருவர் இதைக் கொண்டுபோகிறேன் என்றார். பிள்ளைகள் சுகம். நீங்கள் இன்னும் பார்க்காத சின்னவன் பல் முளைத்து எல்லோரையும் கடிக்கிறான்.

போன வருஷம் எங்களை மழை ஏமாற்றிவிட்டது. மேற்கே உங்கள் ஜெஸீராவில் பாசன வாய்க்கால்கள் வறண்டு கிடப்பதாகக் கேள்விப்பட்டோம். நீங்கள் பருத்திக்குப் பாய்ச்சும் தண்ணீரின் ஈரம் மேலே ஏறி, காற்றோடு கிழக்கே வந்து, எங்கள் சோளக் காட்டில் மழையாகப் பெய்யும் அல்லவா? மேற்கே வானம் கறுத்தாலே இவர், "மச்சான் மடையத் திறந்துட்டாரு, காயப்போட்ட துணிய எடு" என்பார். போன வருஷம் அந்தக் கேலியே அவர் வாயில் வரவில்லை. உங்களுக்காகத் துக்கப் பாய் விரித்து ஃபாத்திஹா ஓதிவிடலாமா என்று மாமியார் மெதுவாகக் கேட்டார். அவரோடு சண்டை போட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

இந்த வருஷம் விதைத்ததுமே மேற்கே கறுத்தது. மதியத்துக்கு மேல் அடிக்கடி நல்ல மழை. இவர் வாசலில் நனைந்துகொண்டே, "சரியான அழுத்தக்காரரு மச்சான். ஒரு வார்த்த பேசாம தண்ணிய மட்டும் அனுப்பி வைக்கிறாரு பாரு" என்று சிரித்தார். மாமியார் ஆடு அறுக்கச் சொல்லி, சோளம் அவித்து, தெருவுக்கே பங்கு கொடுத்தார். நான் அழுதுகொண்டே தின்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

போன வாரம்தான் இந்த லாரிக்காரரிடம் உங்களைப் பற்றி விசாரித்தேன். உங்கள் பக்கம் பெரிய கால்வாயின் கரை உடைந்து வயலெல்லாம் தண்ணீர் நிற்கிறதாம். "மடையப் பாத்துக்க ஆளில்லம்மா. தண்ணி தன்னால போயிக்கிட்டிருக்கு" என்றார். ஊருக்குள் கூப்பிட்டுப் பார்த்தாராம், யாரும் குரல் கொடுக்கவில்லையாம்.

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. மழை தொடங்கியதும் எல்லோரும் உங்கள் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நேற்று கூரையில் மழைச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யார் அனுப்புகிற மழை இது, அண்ணா?

சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது. இப்போது காய்ந்தால் இந்த வருஷமும் எங்களுக்குச் சாப்பாடு இல்லை. தெரிந்துதான் கேட்கிறேன். திறந்தது நீங்கள்தான் என்றால், கொஞ்ச நாள் தண்ணீரை அடைத்துவிடுங்கள். மேற்கே வெளுத்திருக்கட்டும். பயிர் வாடினால் வாடட்டும், நீங்கள் இருக்கிறீர்கள் என்று நான் புரிந்துகொள்வேன்.

அல்லாஹ் உங்களைக் காப்பானாக.

துஆவுடன்,
ஸித்தானா