அப்பளமான அடிப்பலகை

பக்கத்து வீட்டுக் கதவுக்கு உப்புத்தாள் தேய்க்கிறார்கள். காலையிலிருந்து மரத்தூள் வாசனை சன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. போன மாதம் பிரான்சில் கண்மூடிவிட்டாயாம். உன்னிடம் பேச வேண்டும் போலிருக்கிறது, நண்பா.

அறுபத்திரண்டில் உன் வீட்டுத் தோட்டத்தில் நாம் ஒரு மரப்படகு கட்டினோம். நான் மில் தொழிலாளி, நீ பள்ளிக்கூட எழுத்தர்; உளி பிடிக்கத் தெரியாதவர்கள். அரியாங்குப்பம் ஆற்றில் சொந்தப் படகில் போகவேண்டும் என்ற கிறுக்கு மட்டும் இருவருக்கும் சமம். படகு உருவாகி வந்த சமயம், பிரான்சின் மார்சே துறைமுகத்திலிருந்து உன் அண்ணன் வேலைக்கு அழைத்தார். பிரெஞ்சு ஆட்சி போன நம் ஊரில் பலரைப் போல நீயும் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தாய்.

"பாப்பியே எல்லாம் வந்துட்டுதுடா. படகை ஒருதரம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் கப்பல் ஏறுவேன்" என்றாய், காகிதங்களைக் காட்டி.

அந்தப் பேச்சை நான் பிடித்துக்கொண்டேன். மிச்சமிருந்தது படகின் வெளிப்புறத்தை வழவழப்பாக்கிச் சாயம் பூசுவதுதான். இழைப்பது என் வேலை, சாயம் வாங்கி வருவது உன் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிய வேண்டியதை ஐந்து வாரம் இழுத்தடித்தேன். நீ உள்ளங்கையால் தடவி, "கண்ணாடி மாதிரி இருக்குதேடா" என்பாய். "உனக்கு இன்னா தெரியும்? இன்னும் சொரசொரன்னு இருக்குது" என்று நான் மறுபடி இழைப்புளியை எடுப்பேன். படகு முடியாதவரை நீ போகமாட்டாய் என்று நம்பிய முட்டாள் நான்.

கடைசியில் சாயமில்லாமலே ஆற்றில் இறக்கியதும் என் குட்டு வெளிப்பட்டது. இழைத்து இழைத்து அடிப்பலகை ஓரிடத்தில் அப்பளமாகியிருந்தது. நீ கால் வைத்ததும் விரிசல்விட்டுத் தண்ணீர் ஏறியது. முட்டளவு நீரில் இருவரும் படகைக் கரைக்கு இழுத்தோம்.

"வேணும்னுதான்டா இழைச்சேன். நீ போயிடுவியேன்னு."

"தெரியும்டா. கடை மூடிக்கிடக்குதுன்னு நான் வாராவாரம் சாயம் வாங்காம வந்தேனே, அது இன்னாத்துக்குன்னு நெனச்ச?"

நனைந்த வேட்டியோடு விழுந்து விழுந்து சிரித்தோம். சட்டென்று சிரிப்பை நிறுத்தி என் முகத்தையே பார்த்தாய். நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தாய். நானோ குனிந்து படகைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தேன்.

பத்தாம் நாள் நீ கிளம்பிவிட்டாய். அன்று ஆற்றங்கரையில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை: போகாதடா. அது இன்னும் என்னிடமே இருக்கிறது.