மோட்டாரை அணைக்காத படம்

மார்ச் 9, திங்கள்

அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒரு தவறு. என்னுடையது. தூங்காத கண்களோடு கல்லாவில் உட்கார்ந்து ஒருவர் கண்ணாடியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டேன். இருவரும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்கள். ஒரே பழுப்பு ஃப்ரேம். இருவருமே மாட்டிப் பார்த்துவிட்டு "இப்பதான் தெளிவா இருக்கு" என்று வேறு சொன்னார்கள். மாலையில் ஒருவர் படியில் தடுக்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அப்பா கத்தவில்லை. குட்டித் திருப்புளியால் ஒரு ஃப்ரேமை முடுக்கிக்கொண்டே பேசினார்.

"ராத்திரி வானத்தப் பாத்துட்டு வந்து பகல்ல கடையில தூங்கற. இந்த வருஷம் போட்டோ கண்காட்சியில உன் படத்த மாட்டினாங்கன்னா நான் வாயே திறக்கல. மாட்டலன்னா அந்தச் சுத்தற டப்பாவ வித்துடணும். சரியா?"

சுத்தற டப்பா! எத்தனை முறை சொல்லியிருப்பேன். முக்காலிக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு மோட்டார். பூமி சுற்றும் வேகத்திலேயே எதிர்ப்பக்கம் சுற்றும். அதனால் நிமிடக் கணக்கில் ஷட்டரைத் திறந்து வைத்தாலும் நட்சத்திரம் கோடாக இழுபடாது, புள்ளியாகவே நிற்கும். ட்ராக்கர் என்று பெயர். அவருக்கு டப்பா.

"சரி" என்றேன். ஏன் சொன்னேன்? மாட்டுவார்கள் என்ற திமிர்.

மார்ச் 15, ஞாயிறு

புகைப்படச் சங்கக் கூட்டம். தலைவர் புது விதியை வாசித்தார். கண்காட்சிக்கு இனி ஒரே ஷாட்தான். ஒட்டுப்போட்ட படம் கூடாது.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. என் வானப் படங்கள் எல்லாமே இரண்டு படங்கள். மோட்டார் ஓடினால் வானம் கூர்மை, நிலம் கலங்கும். நிறுத்தினால் நிலம் கூர்மை, நட்சத்திரம் இழுபடும். அதனால் முதலில் வானம். பிறகு மோட்டாரை அணைத்துவிட்டு நிலம். வீட்டில் வந்து சேர்ப்பது. அதே இடம், அதே இரவு, முக்காலியைத் தொடக்கூடாது. இது என் ஒழுக்கம். யாரும் விதிக்காத ஒழுக்கம்.

"ரெண்டையும் சேத்துத் தைக்கறதுக்குப் பேரு டெய்லரிங்மா" என்றார் தலைவர்.

"உங்க ரெண்டு கண்ணும் தனித்தனியாத்தான் சார் பாக்குது. மூளை தைக்கலையா?"

சிரித்தார்கள். விதி மாறவில்லை.

திரும்பும்போது பல் டாக்டர்தான் காரில் கூட்டிவந்தார். சங்கத்தில் என்னோடு இருட்டுக்குள் வருகிற ஒரே பெண். "நீ பேசினது சரிதான். சரியாப் பேசினவங்க படத்த எந்தச் சங்கத்துல மாட்டியிருக்காங்க, சொல்லு?"

மார்ச் 16

ட்ராக்கரே இல்லாமல் சில நொடி எடு, இருட்டை மென்பொருளில் வெளிச்சமாக்கிவிடு, விதிக்குள் அடங்கும் என்கிறார் டாக்டர். அடங்கும். மணலை வாரி இறைத்த மாதிரி ஒரு வானமும் கிடைக்கும். மாட்டேன்.

மார்ச் 21, சனி

நானும் டாக்டரும் குன்றுக்குப் போய் விடியலில் திரும்பினோம். பாதி வெட்டிவிட்டுக் கைவிட்ட கல்குவாரி அது. எனக்குப் பிடித்த முகம். விதி கிடக்கட்டும், வழக்கம்போல் இரண்டாகவே எடுப்பேன் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். சேற்றில் முழங்கால் ஊன்றி, துருவ நட்சத்திரத்தை ட்ராக்கரின் பார்வைக் குழலுக்குள் பிடித்து, மோட்டாரை ஓடவிட்டேன். வானம் நன்றாக வந்தது. அடுத்தது நிலம். அந்த நேரம் பார்த்து டாக்டர், தன் விரலை ஒரு நோயாளி கடித்துவிட்டு "பல்லு நல்லா இருக்குல்ல?" என்று கேட்ட கதையைச் சொன்னார். சிரிப்பில் மோட்டாரை அணைக்க மறந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நிலம் முழுக்கக் கலங்கல்.

போச்சு. ஒரு மாதம் போச்சு, இனி அடுத்த அமாவாசைக்குத்தான்.

மார்ச் 22

அந்த வீணான படத்தை அழிக்கப் போனேன். விரல் நின்றது.

மேலே நட்சத்திரங்கள் ஊசிமுனை. கீழே குன்று ஒரு பக்கமாக நழுவுகிறது. தூரத்துச் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு ஒரு சின்னக் கீறல்.

இத்தனை படங்களிலும் நிலத்தை நான் அசையாததாகக் காட்டி வந்திருக்கிறேன். இதில்தான் அது போய்க்கொண்டிருக்கிறது. பொய் எது?

ஒரே ஷாட். ஒட்டு இல்லை. அட்சரம் பிசகாமல் உங்கள் விதிப்படி.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இதையா அனுப்பப் போற? மலை உன்ன மாதிரியே தூக்கக் கலக்கத்துல இருக்கே."

அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 4, சனி

கண்காட்சிக்குப் படத் தேர்வு. மேசைமேல் என் படம். சுற்றித் தலைவரோடு மூன்று நடுவர்கள்.

"முக்காலி ஆடியிருக்கு."

"ஆடல சார். ஆடியிருந்தா நட்சத்திரமும் ஆடியிருக்கும்."

"அப்ப மலை ஆடுச்சா?"

"ஆமா."

சிரித்து ஓய்ந்த பிறகு தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலில் நிஜமான அக்கறை. அதுதான் தாங்கவில்லை. "வானம் அற்புதமா இருக்கும்மா. மலைய மட்டும் கூர்மையா ஒட்டிக் குடுத்துடு. நாங்க கண்டுக்கல."

விதி போட்ட வாய்.

ஒட்டிக் கொடுத்தால் படம் சுவரில். டப்பா என் கையில். ஒரு மணி நேர வேலை. கை வரவில்லை — கை என்ன, மனசுதான். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காரில் டாக்டர் ஒரு மிட்டாயை நீட்டினார். பல் டாக்டரே மிட்டாய் கொடுத்தால் நிலைமை மோசம்.

ஏப்ரல் 5

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். தலைவர் சொன்னதையும்.

"ஒட்டிக் குடுக்க வேண்டியதுதானே? தெனமும் பண்றதுதானே?"

"கூடாதுன்னு அவங்களே சொல்லிட்டு, திருட்டுத்தனமாப் பண்ணுன்னா பண்ண மாட்டேன்."

"சரி. அப்ப வித்துடணும்."

"விக்க மாட்டேன்."

"சரின்னு சொன்னியே?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"பேச்சு பேச்சா இருக்கணும்" என்றார். டப்பாவை வாங்கிக்கொள்ள போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாராம். பதினெட்டாம் தேதி வந்து பார்ப்பாராம். வரட்டும். பார்க்கட்டும். பார்க்க மட்டும்.

ஏப்ரல் 6

படத்துக்குச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டேன், கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில். யாரையும் கேட்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

வம்பு. புதுக் கண்ணாடி மாட்டிய வங்கிக்கார அம்மா நேராகப் படத்தைக் கை காட்டினார். "மலை கலங்கலாத் தெரியுது. பவர் தப்பாப் போட்டுட்டீங்க." இந்த வாரத்தில் மூன்றாவது ஆள்.

"கழட்டு அத. பொழப்புல மண்ணப் போடுது" என்றார் அப்பா.

"மாட்டேன்."

"இது என் கடை."

"அது என் படம்."

சாப்பாடு கொண்டுவந்த அம்மா வாசலிலேயே நின்றாள். "ரெண்டும் ஒரே அச்சு. யாரு யாரத் திட்டறது?"

அப்பா தானே ஸ்டூலில் ஏறினார். கழற்றக் கை வைத்தவர், மூக்கு முட்டும் தூரத்தில் நின்றார். தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. மற்றவர் கண்ணைச் சோதிக்கும்போது இருக்கும் அதே முகம்.

கழற்றாமல் இறங்கினார். தட்டைத் திறந்து சாப்பிட்டார்.

ஏப்ரல் 18, சனி

நேற்று அமாவாசை. விற்கப்போகிற பொருளைத் தொடாதே என்றார் அப்பா. எடுத்துக்கொண்டு போனேன். மோட்டாரை அணைக்கவே இல்லை. மறதி இல்லை இந்த முறை.

காலையில் ஸ்டுடியோக்காரர் வந்துவிட்டார். பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன் — முடியாது என்பதற்கு எத்தனை சொற்கள். அப்பா ஒரு லாரி ஓட்டுநருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்டுடியோக்காரர் பெஞ்சில் காத்திருந்தார்.

"மலை இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கே சார்" என்றார் ஓட்டுநர்.

"மலைய விடுங்க. மேல நட்சத்திரம் எப்படி இருக்கு?"

"அது குத்தி வச்ச மாதிரி நிக்குது."

"அப்பக் கண்ணாடி சரி. மலை அப்படித்தான் இருக்கும். நாம நிக்கற தரை ஓடிக்கிட்டே இருக்குல்ல, அதத்தான் எடுத்திருக்கு."

"வண்டிய நிறுத்தினாலும் ஓடுமா?"

"ஓடும்."

ஓட்டுநர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

ஸ்டுடியோக்காரர் எழுந்தார். "அண்ணே, அந்தக் கருவி?"

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இல்லப்பா. அது கடை வேலைக்கு வேணும்."