ஊசிப்போச்சு என்று சொல்லாத வீடு

என் ஆசைச் செல்வி அக்காவுக்கு,

இங்கே சாரல் விழத் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் குளிக்க வந்த உன் புகுந்த வீட்டுச் சொந்தங்களால் குத்துக்கல்வலசையில் உங்கள் வீடு நிறைந்து கிடக்கிறது. போன சாரலில் நீ இருந்தாய்.

உன் சாவுக்கு அந்த வீட்டில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஒத்துக்கிடவில்லையாம். வாந்தியும் பேதியுமாகக் கிடந்து, கண் சொருகின பிறகுதானே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்? அங்கே டாக்டரிடம் அத்தான் அதைத்தான் சொன்னார். "என்னமோ தின்னது அவளுக்கு ஒத்துக்கிடலை." பழி உன் வயிற்றின் மேல் விழுந்துவிட்டது. நீ சாப்பிட்டது முந்தின நாள் விருந்தாளிகளுக்கு வைத்த சாம்பாரின் மிச்சம் என்று யாரும் சொல்லவில்லை.

ஊசிப்போச்சு என்று சொல்ல அவர்களுக்கு ஏன் வாய் வரவில்லை? காய் தானாக அழுகும், பால் தானாகத் திரியும். சமைத்த பண்டம்தான் ஊசும். ஊசிப்போச்சு என்றால், அதை யார் யாருக்குப் போட்டது என்ற கேள்வி வரும். "சாரல்ல எதுவும் ஊசாதுட்டி, சூடு பண்ணித் தின்னு" என்பார் உன் மாமியார். விருந்தாளிகளுக்கு என்றால் மட்டும் அதே குழம்பு ஊசிவிடும். நீயும், "லேசா மணம் மாறியிருக்கு, அவ்வளவுதான்" என்று என்னிடமே சமாளிப்பாய். எனக்கு உன் மேலும் கோபம்தான்.

நேற்று உன் மகள் மீனாவைப் பார்க்கப் போனேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தட்டில் பழைய அவியல், விரலோடு நூலாக இழுத்தது.

"ஏட்டி, இது ஊசிட்டுல்லா?"

மோந்து பார்த்தாள். "ஊசலை சித்தி. லேசா மணம் மாறியிருக்கு."

தட்டைப் பிடுங்கிக் கொல்லையில் கொட்டினேன். விருந்தாளிகள் நடுவில் போய் நின்றேன். "ஊசிப்போன சாம்பாரத் தின்னுதான் எங்க அக்கா செத்தா" என்றேன். அத்தான் தரையைப் பார்த்தார். உன் மாமியார், "ஆளுக வந்திருக்காவ, மெதுவாப் பேசு" என்றார். இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, அக்கா. எல்லாருக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

மீனாவைக் கையோடு கடையத்தில் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இன்று மத்தியானம் சோறு வடித்த கையோடு அவளுக்குத் தட்டு வைத்தேன். தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி?"

"நீங்கல்லாம் சாப்பிடுங்க சித்தி. மிச்சத்தை நான் சாப்பிட்டுக்கிடுதேன்."

இந்த வீட்டில் இனி முதல் கரண்டி அவளுக்குத்தான். அவளாகவே கேட்டு வாங்கும்வரை நான் விடமாட்டேன், இது உன் மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
மீனாவின் சித்தி