எட்டாம் நம்பர் காரின் கோணல் கோடுகள்

இன்று காலையில் மகள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் பெயிண்ட் கலக்கும் தின்னர் வாசனை லேசாக அடித்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பொம்மைக் காரில் எப்படி வாசனை இருக்கும் என்று கேட்காதே நண்பா. எனக்கு அடித்தது, அவ்வளவுதான். சுபாங் ஜெயாவில் ஒரு பேரங்காடியில் மாடல் கார் கண்காட்சி வைக்கிறார்களாம். நீ செய்த எட்டாம் நம்பர் காரையும் கொடுக்கலாம் என்று ஒரு வாரமாக அவள் என்னை அரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டியவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, மாமா ஒரு டயர்ல மட்டும் வெள்ளைக் கோட்டைக் கோணலா போட்டுட்டாரு. நான் சரி பண்ணிடவா? ஒரு சொட்டு பெயிண்ட் போதும்லா" என்றாள்.

"கைய வைக்காதே!" என்று நான் போட்ட சத்தத்தில் பிரஷ் அவள் கையிலிருந்து விழுந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதுக்காரியை இப்படியா அதட்டுவது? கோபித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கோடு ஏன் கோணலாக இருக்கிறது என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளில் நீ ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், நான் கிள்ளான் துறைமுகத்தில் கிளார்க். பிரிக்பீல்ட்ஸில் உன் ரயில்வே கோட்டர்ஸ் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரையைப் போட்டு, அதன் கீழே அந்தப் பழைய பிரிட்டிஷ் காரைக் கொஞ்சம் கொஞ்சமாக ரேஸ் காராக மாற்றினோமே. பின்சீட்டைப் பிடுங்கி எறிந்தோம். உள்ளே இரும்புக் குழாயை வளைத்து வெல்டிங் அடித்தாய். அகல டயருக்கு இடம் வேண்டுமென்று மட்கார்டை வெட்டி அகலமாக்கினாய். கதவில் வெள்ளை வட்டம் போட்டு எட்டு என்று எழுதியது மட்டும்தான் என் வேலை. அந்த எட்டும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

உன்னிடம் ஒரு வழக்கம் உண்டு. சக்கரத்து நட்டுகளை முடுக்கி முடித்ததும், ஒரு பிரஷ்ஷால் வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு, நட்டிலிருந்து சக்கரத்தின் மேல் வரை ஒரு கோடு இழுப்பாய். நான்கு சக்கரத்துக்கும் பதினாறு கோடுகள். "கோடு நேரா இருந்தா நான் டைட் பண்ணினது அப்படியே இருக்குன்னு அர்த்தம். கலைஞ்சிருந்தா எவனோ தொட்டிருக்கான்" என்பாய். பக்கத்து அணிக்காரர்கள், "அண்ணே, காருக்குப் பொட்டு வெச்சாச்சா?" என்று கிண்டலடிப்பார்கள். நீ காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாய்.

பத்து தீகா ரேஸ் களத்தில், அந்தக் கடைசி ரேஸ் அன்றைக்கும் கோடு போட்டுவிட்டுத்தான் தேத்தண்ணீர் வாங்கப் போனாய். காலைப் பயிற்சி ஓட்டத்தில் கார் இடது பக்கம் இழுத்த மாதிரி எனக்கு ஒரு சந்தேகம். நீ வரும்வரை பொறுத்திருந்தால் என்ன? என் அவசரம்தான் ஊருக்கே தெரியுமே. ஜாக்கைப் போட்டுத் தூக்கி, இடது முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்ப மாட்டி நட்டுகளைச் சும்மா பிடிக்கிற அளவுக்கு முடுக்கினேன். காரைக் கீழே இறக்கிய பிறகு அழுத்தி முடுக்க வேண்டும், அது எனக்கும் தெரியும். இறக்கினேன். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் எங்களை வரிசைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். நீ பிளாஸ்டிக் பையில் தேத்தண்ணீரோடு ஓடி வந்து, என் ஜன்னல் பக்கமாகவே நின்று கூரையில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினாய். இடது பக்கம் சுற்றிப் போய்க் கோட்டைப் பார்க்க நேரம் எங்கே?

இரண்டாவது சுற்றில் என் டயர் என்னையே முந்திக்கொண்டு போனது. அதற்குப் பிறகு தடுப்புச்சுவரும் சத்தமும்தான் ஞாபகம். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பா என்னைப் பார்ப்பதற்கு முன்னால் உன்னைத்தான் பிடித்துக்கொண்டார். "நீதானே டயர் மாட்டின? நட்டு முடுக்கத் தெரியாதவனுக்கு என்னடா ரேஸ் வேண்டிக்கிடக்கு? என் பிள்ளை காலைத் தின்னுட்டியே!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் அங்கிள் மாட்டினேன்" என்றாய். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். காலுக்குத்தான் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள், வாய்க்கு ஒன்றும் போடவில்லை.

அப்புறம் நீ செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். டூல்ஸ் பெட்டியை யாருக்கோ தூக்கிக் கொடுத்தாய். பட்டறையில் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்டோருக்கு மாறினாய். உன் மோட்டார் சைக்கிளில் செயின் கழன்றால்கூட கடைவரைக்கும் தள்ளிக்கொண்டு போனாய். தீபாவளிக்குத் தீபாவளி கிள்ளானுக்கு வருவாய். வந்ததும் முதலில் என் நொண்டல் நடையைத்தான் பார்ப்பாய். அப்பா எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். நீ முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைப்பேன். சொல்லவில்லை. எனக்குக் கல்யாணமாகி, மகளும் பிறந்து, அப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

மாடல் கார் பைத்தியம் உனக்கு அந்த வருஷங்களில்தான் பிடித்தது. நிஜக் காரைத் தொடப் பயந்தவன் உள்ளங்கை அகலக் காரைத் தொட்டாய். பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் காரை யாராவது அப்படியே ஒட்டுவார்கள். நீ அதையும் வெட்டி, அகலமாக்கி, பழைய ரேஸ் கார்களாக மாற்றிக்கொண்டிருந்தாய். உன் அம்மாவின் மூக்குக் கண்ணாடி ஒரு தரம் பசையில் ஒட்டிக்கொண்டு, அந்த அம்மா உன்னை வைதது இன்னும் காதில் கேட்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டின் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கிள்ளானுக்கு வந்தாய். மூடியைத் திறந்தாய். பஞ்சுக்குள் நம் எட்டாம் நம்பர் உட்கார்ந்திருந்தது! பேனா ரீஃபிலை வளைத்து உள்குழாய், பால் டின் தகட்டில் புகைக்குழாய், கிழிந்த பர்ஸின் தோலில் சீட்டு. மட்கார்டுக்குப் புட்டி மாவு பூசித் தேய்த்திருந்தாய். கதவில் என் சாய்ந்த எட்டு அதே சாய்வில் இருந்தது. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டி, "நல்லாப் பாரு. சக்கரத்தையும் பாரு" என்றாய்.

பார்த்தேன். மூன்று சக்கரத்தில் கோடுகள் நேராக இருந்தன. இடது முன்சக்கரத்தில் மட்டும் நட்டில் இருந்த கோடு ஒரு பக்கம், சக்கரத்தில் இருந்த கோடு வேறு பக்கம். நான்கு நட்டும் அப்படியே. பூதக்கண்ணாடி நழுவிக் காரின் கூரையில் இடித்தது.

நீ ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தாய். ரேஸ் தொடங்கும் வரிசையில், இடது பக்கமிருந்து எடுத்தது. உங்கள் தெருவில் ஸ்டுடியோவை மூடுகிறவர் பழைய நெகட்டிவ்களைக் கழிக்கும்போது கண்டெடுத்து, பெரிதாக்கிக் கொடுத்தாராம். "போட்டோல எப்படி இருந்துச்சோ அப்படியே செஞ்சேன்" என்றாய்.

"நான்தான்டா" என்றேன். "நீ தேத்தண்ணி வாங்கப் போனப்ப நான்தான் கழட்டினேன்."

"ஜாக்கை எறக்கினப்புறம் டைட் பண்ணலியா?"

"இல்ல."

"மடையா" என்றாய். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு வார்த்தை! நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். போட்டோவைப் பார்த்த அன்றைக்கே வந்து ஏன் என்னை அடிக்கவில்லை என்று கேட்டேன்.

"அடிக்கத்தான் கெளம்பினேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டேன். அங்க நின்னு யோசிச்சேன். சண்டை போட்டா நீ ஏதாச்சும் சாக்கு சொல்லுவ. உன்னை எனக்குத் தெரியாதா? நீயா சொல்லணும்லா" என்றாய். காரை உன் பக்கம் திருப்பிக்கொண்டு, "இதுக்கு எட்டு மாசம் ஆச்சு மச்சான். முதல் மூணு மாசம் கோவத்தோட செஞ்சேன். மட்கார்டு நாலு தடவை ஒடைஞ்சு போச்சு. கோவத்தோட இந்த வேலை ஓடாது" என்று சொல்லிவிட்டு ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தாய்.

அன்று சாயங்காலமே உன் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நீ வேண்டாம் வேண்டாம் என்று காலை ஊன்றிக்கொண்டாய். அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரேடியோவை அணைத்தார். காரை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது என்று எனக்குத் தெரியும். உன் பக்கம் திரும்பி, "என் கார் பிரேக்ல ஒரு வாரமா சத்தம் வருது. ராத்திரி தங்கிட்டு, காலைல கொஞ்சம் பாத்துக் குடுக்கிறியாப்பா?" என்றார்.

நீ தங்கினாய். காலையில் என் ஸ்பேனரை வாங்கி நான்கு சக்கரத்தையும் கழற்றி மாட்டினாய். முதல் நட்டை முடுக்கிவிட்டு, திரும்பவும் தளர்த்தி முடுக்கினாய், நான் பார்த்தேன். வெள்ளைப் பெயிண்ட் இல்லை. என் ஆபீஸ் பையிலிருந்து எழுத்தை அழிக்கிற வெள்ளை மையை எடுத்துக் கொடுத்தேன். பதினாறு கோடு போட்டாய். அப்பா குடையை ஊன்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! உன் ஜன்னலோர மேசையில் நானும் உட்கார்ந்து பழகி, மூன்று கார்களைப் பாழாக்கி, நான்காவதை ஒரு மாதிரி செய்தேன். என்னை என் அப்பா முன்னால் நீ கிழித்துப் போட்டிருக்கலாம், நியாயமும் உன் பக்கம்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு எட்டு மாதம் உட்கார்ந்து, நானே உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி செய்து கொடுத்தாய். நீ உயிரோடு இருந்தபோது இதற்கு நான் நன்றி சொன்னதில்லை. சொன்னால் "போடா" என்றிருப்பாய். இப்போது நீ வாயை மூடிக்கொண்டுதான் கேட்க வேண்டும். நன்றிடா.

இதுவரை எழுதிவிட்டு மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக்கொண்டதையும் விடவில்லை. கடைசிவரை கேட்டாள். பிறகு கண்காட்சிக்காரர்கள் கொடுத்த அட்டையை எடுத்து வைத்து, "என்னப்பா எழுதறது?" என்றாள். உன் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னேன். அதன் கீழே, 'இடது முன்சக்கரத்தை முடுக்காமல் விட்டது, ஓட்டியவர்' என்று எழுதி என் பெயரையும் போடச் சொன்னேன். "நிச்சயமாவா?" என்று கேட்டாள். எழுது என்றேன்.

அவள் கார் சக்கரங்களிலும் நான் கோடு போட்டு வருகிறேன் தெரியுமா? கிழவனுக்குப் பொழுது போகவில்லை என்று இத்தனை வருஷமாக விட்டுவைத்திருந்தாள். இன்று உன் காரைப் பெட்டியோடு முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் இறங்கினாள். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குனிந்து பார்த்துக்கொண்டே சுற்றி வந்தாள்.

"எல்லாம் நேரா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.