அண்ணனின் பெயரில் இன்னொருவன்

அம்மாவுக்கு, உங்கள் ஆசியைக் கேட்டு ஜிவால்தோ எழுதுவது. வழக்கமாக அண்ணனுக்கும் சேர்த்துக் கேட்பேன், இந்த முறை கேட்கவில்லை, காரணம் சொல்கிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், பயப்படாதீர்கள்.

ஜத்தாய் ஊர்க் காளைச் சவாரித் திருவிழாவில் நானும் அண்ணனும் ஜோடியாகப் பாட மேடையேறப் போகும் நேரத்தில் அண்ணனுக்கும் மேனேஜருக்கும் சண்டை. அண்ணன் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டுப் போய்விட்டான். மேனேஜர் அசரவில்லை. யாரோ ஒரு பாடகனைக் கூட்டிவந்து, அதே தொப்பியை அவன் தலையில் வைத்து, "இனிமே நீதான் மிராந்தெல்" என்றார்.

"அது எங்கண்ணன் பேருங்க!"

"உங்கண்ணன் பேரு அடாவுத்து. மிராந்தெல் போஸ்டர்ல இருக்கற பேரு. உம்பேரு மட்டும் நெசமாவே மொராவெல்லா? அதுவும் போஸ்டர் பேருதான். ஜனம் கத்துது, போய்ப் பாடு!"

பாடினேன் அம்மா. புதியவன் அண்ணனின் மேல்குரல், நான் எப்போதும்போல் கீழ்க்குரல். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அண்ணன் அங்கே வந்துவிட்டானா? எங்கள் போர்வை அவன் பையோடு போய்விட்டது. ஊர் ஊராகப் போகும் பஸ்ஸில் குளிர் அதிகம், வேறொன்று அனுப்புங்கள். பெரியதாக, இருவர் போர்த்துகிற மாதிரி.

அந்தக் கச்சேரி ஞாயிறு காலை ரேடியோவில் வரும். கேட்காதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம், சத்தமாக வையுங்கள், அண்ணனையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். பஸ் கிளம்புகிறது, முடிக்கிறேன். பல்லவி நடுவில் அண்ணன் மூச்சு வாங்குவானே, அந்த இடத்தில் புதியவன் நிற்காமல் பாடிக்கொண்டே போவான். நான் மட்டும் அண்ணனின் மூச்சுக்காக நின்றிருப்பேன்.