ஏற்கெனவே புரண்டவை

உன் மனைவி நேற்று அந்தப் பலகையைக் கொண்டுவந்து தந்தார். சின்னச் சின்னத் திசைகாட்டிகளை நீ வரிசை வரிசையாக ஒட்டிய அதே பலகை. இன்னும் பசை மணக்கிறது. கூடவே உன் பழைய குறிப்புக் கொப்பி ஒன்றும் இருந்தது. "அண்ணை, முப்பத்தோராம் நாளுக்கு அவரின்ரை நினைவாய்க் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறம். நீங்கள்தானே அவரோடை கனகாலம் வேலை செய்தனீங்கள். ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பல்கலைக்கழகத்தில் எங்கள் வேலையை நீ பிள்ளைகளுக்கு அந்தப் பலகையை வைத்துத்தான் விளங்கப்படுத்துவாய். கண்ணுக்குத் தெரியாத காந்தத் துணிக்கைகள் ஒரு தகட்டில் வரிசையாக நிற்கின்றன. எதிர்த் திசையில் காந்தப் புலத்தைக் கூட்டிக்கொண்டு போனால் எது முதலில் புரளும்? பக்கத்திலிருப்பதையும் இழுத்துக்கொண்டு புரளுமா? "ஒண்டு திரும்பினால் பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருப்பானோ?" என்று காந்தத்தை நீட்டுவாய். ஊசிகள் மளமளவென்று திரும்பும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதற்குமுன் பெரிய காந்தத்தால் எல்லா ஊசியையும் ஒரு பக்கம் பார்க்க வைப்பாய். "இதை விட்டால் அது நேற்றையான் கதையைத்தான் இண்டைக்கும் சொல்லும்" என்பாய்.

அதைத்தான் நான் விட்டேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. நீ கொடிகாமத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தாய். அளவீட்டின் நடுவில் கரண்ட் போய், ஒரு மணித்தியாலம் கழித்து வந்தது. தகட்டை மறுபடி முழுதாகக் காந்தமாக்கி, மின்காந்தத்தின் சூடு ஆறும்வரை காத்திருந்து, முதலிலிருந்து தொடங்கவேண்டும். எனக்கோ சந்நிதிக் கோயிலில் பின்னேரப் பூசைக்குப் போகிற அவசரம். தகட்டை அது நின்ற நிலையிலேயே வைத்து அளவீட்டைப் புதிதாக ஓடவிட்டேன். ஆய்வுகூடப் பதிவேட்டில் "முழுக் காந்தமாக்கல் செய்தது" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். சாமி கும்பிடப் போகிறவன் செய்கிற வேலை!

எளிதில் புரளக்கூடிய துணிக்கைகள் கரண்ட் போகுமுன்பே புரண்டுவிட்டன. மிஞ்சிய பிடிவாதக்காரரை மட்டும் அளந்துவிட்டு, எல்லாமே அப்படித்தான் என்று வரைபு கீறினேன். நீ அதைப் பார்த்துத் துள்ளினாய். "நெருக்கி வைச்சால் ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டு நிக்குது மச்சான்! லேசிலை அசைக்கேலாது!" அப்போதே சொல்லியிருக்கலாம். நான் உனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தேன்.

கட்டுரை உன் பெயரை முன்னுக்கு வைத்து வெளிவந்தது. வெளிநாட்டில் செய்து பார்த்தவர்கள் தங்களுக்கு வரவில்லை என்றார்கள். விசாரணை வைத்தார்கள். பதிவேட்டில் என் பக்கம் ஒழுங்காக இருந்தபடியால், எண்களை நீதான் மாற்றினாய் என்று முடிவாயிற்று. "கட்டுரைக்கு நான்தான் பொறுப்பு" என்றாய், என்னைப் பார்க்காமல். ஆய்வுகூடக் கதவின் பூட்டுத் திறப்பை உன்னிடம் வாங்கி என்னிடம் நீட்டினார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

நீ வேலையை விட்டு நீர்வேலியில் வாழைக்குத் தண்ணீர் கட்டப் போனாய். வழியில் கண்டால் மழையைப் பற்றிக் கதைப்பாய். அந்த மழைக் கதை எனக்கு வசதியாக இருந்தது. உனக்கு ஒன்றும் தெரியாது என்றே நினைத்திருந்தேன். போன மாதம் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனபோது, அழுகைக்கு நடுவே கொஞ்சம் நிம்மதியும் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நேற்று உன் கொப்பியைத் திறந்தேன். விசாரணைக்கு முந்திய வாரம் நீ தனியே இருந்து எல்லாவற்றையும் மறுபடி அளந்திருக்கிறாய். முழுதாகக் காந்தமாக்கி ஒரு கோடு. கரண்டை நடுவில் நிறுத்தி, மறுபடி காந்தமாக்காமல் இன்னொரு கோடு. இரண்டாவது அச்சொட்டாக என்னுடையது. அதன் கீழே, "அவன் சொல்லட்டும்" என்று எழுதியிருந்தாய்.

ஏனடா பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று மனதைத் தேற்றப் பார்க்கிறேன். அது பொய். கேட்டிருந்தால் உன்மேல்தான் பாய்ந்திருப்பேன்.

'சிரித்த முகம், நல்ல மனம்' என்று தொடங்கிய தாளைக் கிழித்துப்போட்டேன். இந்தத் தாளைத்தான் உன் மனைவியிடம் கொடுக்கப்போகிறேன். அவர் முதலில் வாசிக்கட்டும். பிறகு கல்வெட்டில் போடுவதும், என் முகத்தில் எறிவதும் அவர் பாடு.

திறப்பு இன்னும் என் சட்டைப்பையில்தான் கிடக்கிறது. வாங்கவேண்டிய கையைப் போன மாதம் நான்தான் நெஞ்சின்மேல் மடித்து வைத்தேன்.